மூன்று அகப்பை

மாலையில் முருகன் கோயில் மணி அடிப்பதற்கு முன்பே மரகதத்தின் கண்கள் மெஷினின் பச்சை விளக்கைத் தேடத் தொடங்கிவிடும். அது பச்சையாக இருக்கும்வரை கவலை இல்லை. சிவப்பாகிக் கத்த ஆரம்பித்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, கட்டில் ஓரம் நிற்கும் சிலிண்டரைத் திறந்து, கணவர் முத்துவீரனின் மூக்குக் குழாயை அதற்கு மாற்ற வேண்டும்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் அது. பல வருடம் பீடி பிடித்த நெஞ்சுக்கு இனி அதுதான் துணை என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சொல்லி, மெஷினையும் ஒரு சிலிண்டரையும் கொடுத்து இருவரையும் அவர்கள் தீவான லாங் ஐலண்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"மெஷின் நின்னா மட்டும் சிலிண்டர். அது தீரப் போகுதுன்னா யோசிக்காம போட் ஏறி வந்துடுங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான் இருக்கணும்" என்று டாக்டர் சொன்னார். சிலிண்டரை நிரப்பத் தீவில் வழி கிடையாது.

போனால் தங்குவதற்கு இடம் இல்லாமல் இல்லை. மகள் மீனா போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இருந்தாள். ஒரே அறை. அதில் மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகள். "இருக்கிற இடத்துல இருந்துக்கலாம், வாங்கப்பா" என்று அவள் மனதாரத்தான் கூப்பிட்டாள். முத்துவீரன், "பார்ப்போம்மா" என்பார். போனை வைத்ததும் மரகதத்திடம், "அங்க எனக்குக் கட்டில் போட்டா பிள்ளைங்க எங்க படுக்கும்?" என்று கேட்பார். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு இருக்காது.

இத்தனைக்கும் கரண்ட் போகவில்லை. பல்பு எரிந்தது, மங்கலாக. மின்விசிறி சுற்றியது, அசதியாக. மெஷின் மட்டும், நூற்றுத் தொண்ணூறு வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஓட மாட்டேன் என்று நின்றது. யாரோ கொடுத்த பழைய ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அது இரண்டு நாள் டக் டக்கென்று அடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் புகைந்து அடங்கியது. புதியது வேண்டும் என்று போர்ட் பிளேரில் சொல்லி வைத்ததற்கு, கப்பலில் சரக்கு வரட்டும் என்று பதில் வந்தது.

அந்த மழைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். கடல் கொந்தளிப்பில் மெயின்லேண்ட் கப்பல் தள்ளிப்போனது. கப்பல் வராததால் கேஸ் சிலிண்டர் வரவில்லை. விறகு நனைந்து கிடந்தது. மேட்டு லைன் என்று பெயர் பெற்ற அந்த வரிசையில் இருந்த பன்னிரண்டு வீடுகளிலும் சமையல் கரண்ட் அடுப்புக்கு வந்துவிட்டது. செங்கல் போன்ற மண் தட்டில் கம்பிச்சுருள் பதித்த, வீட்டுக்கு வீடு இருக்கும் சாதாரண அடுப்பு. மெஷின் சிவந்து கத்தத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

லைன்மேன் குருநாதன் ஒரு சாயங்காலம் மீட்டரோடு வந்தார். ஒரே ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள். முத்துவீரனை அண்ணே என்றும் மரகதத்தை மதினி என்றும்தான் கூப்பிடுவார். பிளக்கில் மீட்டர் முள்ளைச் செருகிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"நூத்தி நாப்பத்தெட்டு. பவர் ஹவுஸ்ல நான் பார்த்துட்டுதான் வர்றேன், அங்க இருநூத்தி இருபத்தெட்டு இருக்கு."

"சட்டியில இருந்தா அகப்பையில வரும்னு சொல்லுவாங்க" என்றார் முத்துவீரன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு. "நம்ம ஊர்ல சட்டி நிறைய இருந்தும் அகப்பையில வர மாட்டேங்குது."

"வழியில சிந்துது அண்ணே."

"யாரு சிந்துறா? நீதானே தூக்கிட்டு வர்ற."

குருநாதன் சிரித்தார். ஆனால் சிலிண்டர் தலையில் இருந்த, அளவு காட்டும் வட்டத்தை ஒருமுறை பார்த்தார். முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இப்படியே ஒவ்வொரு மாலையும் போனால் அடுத்த வாரத்துக்குள் சிவப்புக் கோட்டைத் தொடும். அவர் சிரிப்பு அதோடு நின்றது.

அன்றே பக்கத்துத் தீவில் ரங்கத் ஊரில் இருந்த ஜூனியர் இன்ஜினியர் உமா மகேஸ்வரிக்குப் போன் செய்தார். வயதில் இளையவள், வாரம் ஒருமுறை போட்டில் வந்து போவாள். கம்பி பழையது, மாற்ற வேண்டும் என்று அவள் எழுதி அனுப்பிய மதிப்பீடு ஏற்கெனவே பாஸாகியிருந்தது. கம்பிதான் கப்பலில் வர வேண்டும்.

"கம்பி வர்ற வரைக்கும் அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது மேடம்."

உமா மகேஸ்வரி யோசித்துச் சொன்னாள்: "அண்ணா, எனக்கு ஒரு அளவு வேணும். காட்டுக்குள்ள போற கம்பியில சாயங்காலம் எவ்வளவு ஆம்பியர் ஓடுதுன்னு பாருங்க. அதே நேரத்துல ரெண்டு முனையிலயும் வோல்ட் எவ்வளவுன்னும் வேணும்."

பவர் ஹவுஸ் ஜெட்டிக்கு அருகே இருந்தது. அங்கிருந்து மேட்டு லைனுக்கு வரும் கம்பி, வீடே இல்லாத காட்டுச் சரிவில் நெடுந்தூரம் வந்து, பிறகுதான் முதல் வீட்டைத் தொடும். மறுநாள் மழைக்கோட்டோடு கம்பத்தில் ஏறி, கிளாம்ப் மீட்டரின் வாயைத் திறந்து கம்பியைக் கவ்வவிட்டார் குருநாதன். நாற்பது ஆம்பியர் காட்டியது. பவர் ஹவுஸ் ஆபரேட்டர் போனில் இருநூற்று இருபத்தெட்டு என்றார். மரகதத்தின் வீட்டில் அதே நூற்று நாற்பத்தெட்டு.

அவர் மரகதத்தின் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, உமா மகேஸ்வரியிடம் எண்களைச் சொன்னார்.

"வழியில எண்பது வோல்ட் காணாமப் போகுது" என்றாள் அவள். "எண்பதை நாப்பதால வகுத்தா ரெண்டு. அந்தக் கம்பியோட தடை ரெண்டு ஓம். அதாவது அண்ணா, ஒவ்வொரு ஆம்பியரைத் தூக்கிட்டு வர்றதுக்கும் கம்பி ரெண்டு வோல்ட் கூலி எடுத்துக்குது. நாப்பது கேட்டீங்க, எண்பது எடுத்துக்கிச்சு. எண்பதை நாப்பதால பெருக்குங்க, மூவாயிரத்து இருநூறு வாட். மூணு அடுப்பு எரியற கரண்ட், காட்டுல கம்பியைச் சூடாக்கிட்டு இருக்கு."

"காக்காய்க்குக் குளிர் காயவா?" என்றார் முத்துவீரன் உள்ளேயிருந்து.

"யாரு அது?"

"பேஷன்ட்தான் மேடம். வாய்க்கு மட்டும் ஆக்சிஜன் குறையல."

அவள் சிரித்துவிட்டு, அடுப்பின் கணக்கைத் தொடங்கினாள். ஆயிரம் வாட் என்று எழுதிய அடுப்பு இருநூற்று முப்பது வோல்ட் கிடைத்தால்தான் ஆயிரம் வாட். இருநூற்று முப்பதை அதனாலேயே பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஐம்பத்து மூன்று ஓம் வரும். அடுப்பு தன் ஓமை மாற்றிக்கொள்ளாது. நூற்று நாற்பத்தெட்டு வோல்ட் கொடுத்தால் அது இழுப்பது இரண்டே முக்கால் ஆம்பியருக்குச் சற்று மேல். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் நானூற்றுச் சொச்சம் வாட்.

"பாதிகூட இல்லையா?" என்றாள் மரகதம். "அதான் உலை கொதிக்கவே மாட்டேங்குது. நாலு மணிக்கு வெச்சா அஞ்சரைக்கும் அரிசி அரிசியாவே கிடக்கு."

"எல்லார் வீட்லயும் அப்படித்தானே அம்மா இருக்கும்? லேட்டாகுதுன்னு எல்லாரும் இன்னும் சீக்கிரமா போடுவாங்க. எடுக்க இன்னும் நேரமாகும். அதனால பத்துப் பதினோரு அடுப்பும் ஒரே நேரத்துல எரியும். அடுப்பு கூடக்கூட வோல்ட் இறங்கும், வோல்ட் இறங்க இறங்கச் சமையல் நீளும்."

மரகதம் தலைகுனிந்தாள். தன் அடுப்பும் அதில் ஒன்று என்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் தன் கையாலேயே கணவரின் மெஷினைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒரே நேரத்துல மூணு அடுப்பு மட்டும் எரிஞ்சா?" என்று கேட்டார் குருநாதன்.

காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து ஆறு ஆம்பியர்னு வெச்சுக்குங்க. மூணு அடுப்புக்குப் பதினொண்ணு. மொத்தம் பதினேழு. கம்பிக்குக் கூலி முப்பத்திநாலு. வீட்ல நூத்தித் தொண்ணூத்தி நாலு வோல்ட் நிக்கும். மெஷின் ஓடும். ஒவ்வொரு அடுப்புக்கும் எழுநூறு வாட் கிடைக்கும். ஒன்றரை மணி நேரம் ஆன சோறு முக்கால் மணிக்குள்ள இறங்கிடும். நாலாவது அடுப்பு போட்டா நூத்தி எண்பத்தி ஏழு. மெஷின் நின்னுடும்."

மறுநாள் காலை கோயிலில் பூஜை முடிந்ததும் மேட்டு லைன்காரர்களை இருக்கச் சொன்னார் குருநாதன். மரகதத்திடம் முன்னாலேயே சொல்லியிருந்தார்: "நான் சொன்னா ஆபீஸ் ஆர்டர் மாதிரி இருக்கும் மதினி. கேக்குறது நீங்களா இருக்கணும்."

கேட்பது மரகதத்துக்குச் சாவாக இருந்தது. காரணம் மூன்றாம் வீட்டுப் புஷ்பம். பள்ளிக்கூட வாத்தியார்கள், காட்டிலாகா ஆட்கள் என்று குடும்பத்தை மெயின்லேண்டில் விட்டு வந்தவர்களுக்கு மெஸ் நடத்துபவள். முத்துவீரனை நாற்காலியில் வைத்துப் போட்டுக்குத் தூக்கிப்போன அன்று ஜெட்டியில் நின்று, "ஊதும்போது தெரியலையா? இப்ப மூச்சு இல்லேன்னா எங்க இருந்து வரும்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். பொய் இல்லை. அதனால்தான் அது மரகதத்தின் நெஞ்சில் அப்படித் தைத்தது. அன்று முதல் இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது அவள் முன்னால் நின்று கையேந்த வேண்டும்.

முருகா, வாயைக் கொடு என்று வேண்டிக்கொண்டு எழுந்தாள். "சாயங்காலம் மெஷின் ஓட மாட்டேங்குது. சிலிண்டர் தீர்ந்தா நாங்க ஊரை விட்டுப் போகணும். ஒரு நேரத்துல மூணு வீட்ல மட்டும் அடுப்பு எரிஞ்சா..." அவ்வளவுதான் வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

மீதிக் கணக்கைக் குருநாதன் சொன்னார். கடைசி வீட்டு மண்டல் பாபு வங்காளி. தமிழ் புரியும், பேசுவது இந்தியும் தமிழும் கலந்து. "மத்லப், அதாவது, நான் வெயிட் பண்ணா என் சோறும் ஜல்தி வேகும்?" என்று கேட்டார்.

"ஆமா பாபு."

"தோ பஹ்லே க்யோன் நஹி போலா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன? தினமும் பொண்டாட்டிகிட்ட நான்தானே திட்டு வாங்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஷோபனா, "யார் முறைன்னு எப்படித் தெரியும்? வீடு வீடாப் போய் எட்டிப் பாக்கவா முடியும்?" என்றாள்.

அதற்குத்தான் மரகதம் பையில் கொண்டுவந்திருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடியே, மூச்சு இடம் கொடுத்தபோதெல்லாம் சுரண்டிச் சுரண்டி முத்துவீரன் செய்த மூன்று சிரட்டை அகப்பைகள். மூங்கில் காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அகப்பை கையில் இருக்கும் வீட்டில் அடுப்பு எரியலாம். சமைத்து முடித்ததும் அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். காய் நறுக்குவது, தாளிப்பதற்கு எடுத்து வைப்பது எல்லாம் அகப்பை வருவதற்குள்.

"கணக்கெல்லாம் சரி" என்றது ஒரு குரல். புஷ்பம்தான். "என் அடுப்பு ஆயிரத்தி ஐந்நூறு வாட்டு. எட்டு ஆம்பளைக்கு வடிக்கணும். நான் எந்தக் கணக்குல வர்றேன்?"

"உனக்கு ரெண்டு அகப்பை, அக்கா" என்றார் குருநாதன். "ரெண்டும் கையில இருந்தாத்தான் நீ பத்த வைக்கலாம்."

"ஏன், எனக்கு மட்டும் ரெண்டு வாயா இருக்கு?"

"அது ஊருக்கே தெரியுமே" என்று யாரோ பின்னால் சொல்ல, புஷ்பமே சிரித்துவிட்டாள். மரகதத்தின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் மாலை நான்கு மணி முறையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். மெஸ்காரர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் சாப்பிட வருவார்கள். நான்கு மணிக்கே வடித்தால் ஆறிப்போகும். எல்லோருக்கும் வசதியில்லாத நேரம் அது. அதை அவள் எடுத்ததை மரகதம் கவனித்தாள். எப்படி எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை கோயில் மணி அடித்தபோது விளக்கு பச்சையாகவே இருந்தது. குருநாதன் மீட்டரில் பார்த்து, "நூத்தித் தொண்ணூத்தி மூணு" என்றார். "மேடம் ஒரு வோல்ட் கூடப் போட்டுட்டாங்க."

"அந்த ஒண்ணைக் காக்கா கொண்டு போயிருக்கும்" என்றார் முத்துவீரன்.

அகப்பை வீட்டுக்கு வீடு நடந்தது. முதல் இரண்டு நாள் வெறுங்கையோடு நடந்தது. பிறகு, அகப்பை கொடுக்க வந்த ஷோபனா ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்தாள். அகப்பை வாங்கப் போன மரகதம் முருங்கைக்கீரை உருவிக் கொண்டுபோனாள். மண்டல் வீட்டு மீன்குழம்பு கடுகு வாசத்தோடு வரிசை முழுவதும் ருசி பார்க்கப்பட்டது. அடுத்த வீட்டில் என்ன சமையல் என்று தெரியாமல் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு இப்போது யார் வீட்டில் உப்பு அதிகம் என்பதுவரை தெரிந்தது. சிலிண்டரின் முள் நின்ற இடத்திலேயே நின்றது. நிறைய இல்லை, சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே.

விடாமல் மழை பெய்த ஒரு மாலையில், மரகதத்தின் முறை. அகப்பையை ஆணியில் மாட்டி, உலை வைத்து, அரிசி களைந்துகொண்டிருந்தாள். மெஷின் கத்தியது.

ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்தாள். உஸ்ஸென்ற சத்தத்தோடு முள் நடுங்கி இறங்கத் தொடங்கியது. கேலி பேசாத முத்துவீரனின் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பக்கத்தில்தான் குருநாதன் வேலையாக இருந்தார். போன் செய்ததும் வந்து, வரிசை தொடங்கும் கம்பத்தில் ஏறிக் கம்பியைக் கவ்விப் பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தார்.

"இருபத்தி ரெண்டு காட்டுது. யாரோ நாலாவதா ஒண்ணு போட்டிருக்காங்க மதினி." பிளக்கில் மீட்டரைச் செருகினார். "நூத்தி எண்பத்தி நாலு. பதினேழுல இருந்து அஞ்சு ஆம்பியர் ஏறியிருக்கு. நூத்தி எண்பத்தி நாலை இந்த அஞ்சால வகுத்தா..." உதடு அசைந்தது. "முப்பத்தேழு ஓம் பக்கம் வருது. சாதா அடுப்புன்னா ஐம்பத்து மூணு இருக்கணும். ஐம்பதுக்குக் கீழ ஓம் இருக்கிற அடுப்பு இந்த வரிசையில ஒண்ணே ஒண்ணுதான்."

பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்தைந்நூறு வாட். மூன்றாம் வீடு.

ஜெட்டியில் கேட்ட அந்தக் குரல் மறுபடியும் மரகதத்தின் காதில் விழுந்தது.

"நான் போய்க் கம்பத்துல அந்த வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கிடறேன்" என்றார் குருநாதன். "ஊரே கட்டுப்பட்டு இருக்கும்போது இது என்ன நியாயம்?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆணியில் தொங்கிய அகப்பை கண்ணில் பட்டது. ஆறி அவலாகும் என்று தெரிந்தும் நான்கு மணி முறையை வாங்கிக்கொண்டவள், இந்த நேரத்தில் எதற்கு அடுப்பு மூட்ட வேண்டும்?

"பொறு தம்பி. நீ இவர்கிட்ட இரு. நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்."

புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தாள். புஷ்பத்தின் சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பில் ஒரு சிறு பானை. புஷ்பம் நின்றபடி கிண்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் சுருண்டு கிடந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கு வந்து சேர்ந்த வாத்தியார் அருண்பிரசாத். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"புஷ்பம்."

திரும்பியவளின் முகம் முதலில் இறுகியது. "என்ன, பிடிக்க வந்தியா?"

"மெஷின் கத்துது."

புஷ்பத்தின் கை அந்த நொடியே சுவிட்சுக்குப் போனது. டக்கென்று அணைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"கொஞ்ச நேரம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். காலையில இருந்து பச்சத் தண்ணி உள்ள தங்கல இவருக்கு. மாத்திரை சாப்பிடணும்னா வயித்துல ஏதாவது இருக்கணுமாம். மத்தியானச் சோத்தைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறார். இப்பத்தான் வாயைத் திறந்து, கஞ்சின்னா குடிக்கிறேங்கறார். பெத்தவ மதுரையில கிடக்கா, போன்ல அழுவுறா."

"கேட்டிருக்கலாமே."

"யார்கிட்ட, உன்கிட்டயா? இப்ப உன் முறை." புஷ்பம் கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ஜெட்டியில அப்படிப் பேசிட்டு, உன்கிட்ட வந்து எந்த வாயால கேப்பேன்?"

கூரையில் மழை கொட்டியது. மரகதம் வாத்தியாரைப் பார்த்தாள், மீனாவைவிடச் சிறியவர். கணக்குப்படி குருநாதன் சொன்னது சரி. ஐந்து ஆம்பியரும் சரி, முப்பத்தேழு ஓமும் சரி. ஆனால் கம்பத்து மேலிருந்து பார்த்தால் இந்தக் கம்பளி தெரியாது.

"பானையைத் தூக்கு" என்றாள்.

"எங்க?"

"என் அடுப்புல வை. உலையை இறக்கிட்டாப் போச்சு. அகப்பை இன்னும் என்கிட்டதானே இருக்கு."

புஷ்பம் பானையைப் பிடிக்கத் துணியை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

"வாடி. கஞ்சி பாதியில நின்னா கட்டி தட்டிடும்."

இருவரும் ஒரு பழைய பிளாஸ்டிக் ஷீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நடுவில் பானையோடு மழையில் வந்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே மெஷின் பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது. குருநாதன் சிலிண்டரை மூடிவிட்டு, குழாயை மாற்றியிருந்தார். புஷ்பத்தையும் பானையையும் பார்த்தார். எழுந்து அவளுக்கு வழிவிட்டார்.

மரகதம் தன் உலையை இறக்கி வைத்தாள். கஞ்சிப்பானை அடுப்பில் ஏறியது. புஷ்பம் கட்டிலில் கிடந்தவரை இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். ஜெட்டியில் நாற்காலியில் பார்த்த மனிதரில் பாதிதான் இருந்தது. மூக்கில் குழாய். கழுத்தெலும்பின் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு, புஷ்பமா?" என்றார் முத்துவீரன் கண்ணைத் திறக்காமல். "ஒரு பீடி இருக்குமா?"

புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "ஊதின வரைக்கும் போதும்ணே" என்றாள். "கஞ்சி வேணும்னா தர்றேன்."

"உன் கஞ்சியா? மெஸ்ஸுக்குப் பயந்துதானே வாத்தியாருக்குக் காய்ச்சலே வந்துச்சு."

அப்போது குருநாதனின் போன் அடித்தது. உமா மகேஸ்வரிதான். பவர் ஹவுஸ் ஆபரேட்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் போலும். குருநாதன் வாசலுக்குப் போய்ப் பேசினார். "ஆமா மேடம், அஞ்சு ஆம்பியர் ஏறுச்சு. இப்ப பதினேழுக்கு வந்துடுச்சு." யாரென்று அவள் கேட்டிருக்க வேண்டும். "யாருன்னா... காய்ச்சல் மேடம். காய்ச்சல்தான் வந்து எரிச்சிருக்கு. ஆமா, சரியாயிடும்."

கஞ்சி கொதித்து வாசம் வந்தது. ஊற்ற எதுவும் கையில் அகப்படாமல், மரகதம் ஆணியிலிருந்த அகப்பையைக் கழுவி எடுத்தாள். அத்தனை நாளாகத் துணி கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சுற்றிய அகப்பை அன்றுதான் ஒரு பானைக்குள் இறங்கியது. முதல் அகப்பை வாத்தியாரின் தூக்குவாளிக்கு. அடுத்தது முத்துவீரனின் கிண்ணத்துக்கு. மூன்றாவதை மறுக்க மறுக்கப் புஷ்பத்தின் கையில் கொடுத்தாள்.

அடுத்த முறை மண்டல் வீடு. அவர் குடையோடு வந்து வாசலில் நின்றார். மரகதத்தின் உலை கீழே ஆறிக் கிடப்பதையும், புஷ்பம் அங்கே உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார்.

"கோயி பாத் நஹி பாபி, பரவாயில்ல. நீங்க முதல்ல வடிங்க. நான் அப்புறம் வர்றேன்" என்று திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு தானாக வந்தது. நோய், குழந்தைக்குப் பால், வெந்நீர் என்று யாருக்கு அவசரமானாலும், அகப்பை இருக்கும் வீட்டில் பானையைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நான்காவது அடுப்பு பிறகு எரியவும் இல்லை. வாத்தியார் தேறி எழுந்து, பள்ளியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் புஷ்பத்தின் இரண்டு அகப்பைகளையும் அடுத்த வீடுகளில் சேர்ப்பவரானார்.

கப்பல் வருவதாகச் செய்தி வந்தது. கேஸ் வரும். கம்பியும் வரலாம் என்று உமா மகேஸ்வரி சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மீனா போன் செய்தாள். குழந்தைகள் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை போட்ல டிக்கெட் சொல்லட்டுமாப்பா?"

முத்துவீரன் கட்டில் ஓரம் நின்ற சிலிண்டரைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டுக்கு அரை விரல் மேலே, மழை பெய்த அன்று எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. அடுப்படியிலிருந்து இரண்டு பெண்கள் உப்பைப் பற்றிச் சண்டை போடும் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா" என்றார். "ஆனா எங்களுக்கு இல்ல. லீவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு நீ வர்றதுக்குச் சொல்லு."